மின் ஸ்கூட்டர்களைத் திரும்பப் பெறுதல்

விற்பனையான வண்டிகளில் பாதுகாப்புக் குறைபாடு இருப்பது தெரியவந்தால், உற்பத்தி நிறுவனம் அவற்றைத் திரும்ப அழைத்துக் கட்டணமின்றிச் சரிசெய்து தருவது அல்லது மாற்றித் தருவது 'திரும்பப் பெறுதல்' எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இதனை 'ரீகால்' என்பர். இது சாதாரணப் பழுதுபார்ப்பு அன்று. ஒரே தொகுதியில் உருவான வண்டிகளில் ஒன்றில் உள்ள குறை மற்றவற்றிலும் இருக்கக்கூடும். புகாரே அளிக்காத உரிமையாளரும் ஆபத்தில் இருக்கலாம்.

2022 நிகழ்வுகள்

தமிழ்நாட்டில் இச்சொல் பரவலாக அறியப்பட்டது 2022-ஆம் ஆண்டில்தான். மார்ச் மாத இறுதியில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் ஏற்றப்பட்டிருந்த ஓகினாவா ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் அவருடைய மகளும் உயிரிழந்தனர். சில நாட்களில் சென்னை மஞ்சம்பாக்கத்தில் பியூர் இ.வி. நிறுவன ஸ்கூட்டர் ஒன்று சாலையோரம் எரிந்தது. ஏப்ரலில் மூன்று அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்தன. ஓகினாவா 3,215 வண்டிகளையும், பியூர் இ.வி. 2,000 வண்டிகளையும், கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஆலை வைத்துள்ள ஓலா எலக்ட்ரிக் 1,441 வண்டிகளையும் திரும்ப அழைத்தன.

லித்தியம் அயனி பேட்டரி பல சிறு செல்களால் ஆனது. உட்புற மின்கசிவு, அளவு மீறிய சார்ஜ், அடிபடுதல், நீர் புகுதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றால் ஒரு செல் அதிகம் சூடானால், அந்த வெப்பம் அடுத்த செல்லையும் பற்றவைக்கும். அத்தீயை அணைப்பது கடினம்; வெளிவரும் புகை நச்சுத்தன்மை உடையது. உறங்கும் அறைக்கருகே சார்ஜ் ஏற்றுவது ஆபத்தானது என்பதற்கு இதுவே காரணம்.

அடையாற்றை ஒட்டியுள்ள சென்னை ஐ.ஐ.டி.யின் முன்னாள் மாணவர்கள் 2013-இல் தொடங்கிய ஏத்தர் எனர்ஜியும் இவ்விவாதத்திலிருந்து தப்பவில்லை. 2022 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் உள்ள அதன் விற்பனையகத்தில் தீ ஏற்பட்டது. விபத்தில் சிக்கிப் பழுதுக்கு வந்த வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியபோது, பேட்டரி உறையின் விரிசல் வழியாக நீர் உள்ளே சென்றதாக நிறுவனம் விளக்கியது. வெளியே தெரியாத விரிசல்தான் இதில் கவனிக்க வேண்டியது. வண்டி கீழே விழுந்தபின் ஓடுகிறது என்பதற்காகப் பேட்டரி நலமாக உள்ளது என்று கொள்ள முடியாது.

இதையடுத்து மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 தரநிலையைக் கடுமையாக்கியது. புதிய விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன.

சட்டமும் சொல்லும்

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு உத்தரவிட அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே அவை பொருந்தும். புகார்களின் எண்ணிக்கை, விற்பனையில் குறிப்பிட்ட விழுக்காட்டைத் தொட்டால் விசாரணைக்கு வழி பிறக்கும். நிறுவனம் தானாகவே குறையை அறிவித்துத் திரும்பப் பெற்றால் அபராதம் இல்லை. மேற்கண்ட மூன்று அறிவிப்புகளும் அவ்வாறு தாமாக வெளியிடப்பட்டவையே.

ஆனால் எல்லா நிறுவனங்களும் 'திரும்பப் பெறுதல்' என்ற சொல்லை விரும்புவதில்லை. முன்சக்கரத் தாங்கி உடைவதாகப் புகார்கள் எழுந்தபின், 2023 மார்ச்சில் ஓலா அதனை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. அதற்கு வைத்த பெயர் 'மேம்பாடு'. 2024-இல் டி.வி.எஸ். தனது ஐகியூப் ஸ்கூட்டர்களின் சட்டகக் குழாயைச் சோதித்தபோது, அது 'முன்னெச்சரிக்கை ஆய்வு' எனப்பட்டது. 'மேம்பாடு' என்று கேட்பவருக்கு அவசரம் புரியாது; பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றே தோன்றும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. டெஸ்லாவின் மின் பிக்கப் வண்டியான சைபர்டிரக்கின் வெளிப்புறத் தகடு கழன்று விழக்கூடும் என்பதற்காக 2025 மார்ச்சில் 46,096 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அது மட்டுமன்று. திரையில் எச்சரிக்கை எழுத்துகள் சிறிதாக இருந்ததை மென்பொருள் வழியே திருத்தியதும், 2024-இல் அங்கு முறையான திரும்பப் பெறுதலாகவே பதிவானது. வண்டியின் அடையாள எண்ணை அரசு இணையதளத்தில் இட்டு எவரும் சரிபார்க்கலாம்.

உரிமையாளர் செய்யக்கூடியவை

2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை, தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஓலா மீது மட்டும் 10,644 புகார்கள் பதிவாயின. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 99.1 விழுக்காட்டுப் புகார்கள் தீர்க்கப்பட்டதாக நிறுவனம் பதிலளித்தது. ஆணையம் மேலும் விசாரிக்கப் பணித்தது. சேவை மையத்தில் வாய்மொழியாகச் சொல்லப்படும் குறைகள் இத்தகைய கணக்கில் சேர்வதில்லை. வேலைச்சீட்டு எண், தேதி, ஒளிப்படம் ஆகியவற்றுடன் 1915 என்ற எண்ணில் பதிவு செய்யப்பட்டதே சேரும்.

உதவி எண்ணுக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் கிடையாது. இழப்பீடு வேண்டுவோர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாட வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில் இருந்தாலும், அடையாற்றில் வசிப்பவர் சென்னையிலேயே மனு அளிக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோருக்கு ஒரு சிக்கல் உண்டு. திரும்பப் பெறும் அறிவிப்பு பெரும்பாலும் முதல் உரிமையாளரின் கைப்பேசிக்கே செல்லும். எனவே சேஸிஸ் எண்ணைச் சொல்லி, நிலுவையில் ஏதேனும் மாற்றுப் பணி உள்ளதா என்று நிறுவனத்திடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெற்ற பின்னர் வண்டியை வாங்குவது நல்லது.