செஞ்சிலுவைச் செய்தி

செஞ்சிலுவைச் செய்தி என்பது போர், உள்நாட்டுக் கலகம், இயற்கைப் பேரிடர் ஆகியவற்றால் அஞ்சல், தொலைபேசித் தொடர்புகள் அற்றுப்போன இடங்களில், பிரிந்த குடும்பத்தினர் ஒருவருக்கொருவர் எழுதும் திறந்த கடிதம் ஆகும். இதனைப் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவும் அந்தந்த நாட்டின் செஞ்சிலுவை அல்லது செம்பிறைச் சங்கங்களும் கட்டணமின்றிக் கொண்டு சேர்க்கின்றன. இதில் குடும்பச் செய்திகளை மட்டுமே எழுதலாம். 1990க்குப் பின்னர் இலங்கையின் வட, கிழக்கு மாகாணங்களில் போர் முனையின் இரு பக்கங்களிலும் சிக்கிய குடும்பங்களுக்கும், இரு தரப்பினராலும் சிறை வைக்கப்பட்டவர்களுக்கும் இம்முறை பயன்பட்டது.

படிவமும் விதிகளும்

செஞ்சிலுவைச் செய்தி ஓர் அச்சிட்ட படிவத்தில் எழுதப்படுகிறது. அனுப்புபவர், பெறுபவர் ஆகிய இருவரின் முழுப்பெயர், பிறந்த நாள், தந்தை பெயர், தாய் பெயர், முகவரி ஆகியவை அதில் கேட்கப்படும். சாதாரண அஞ்சலுக்கு முகவரி ஒன்றே போதுமானது. ஆனால் போர்க்காலத்தில் பெறுபவர் அந்த முகவரியில் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. ஒரே ஊரில் ஒரே பெயருடைய பலர் இருக்கக்கூடும் என்பதால், பெற்றோர் பெயரும் பிறந்த நாளும் சரியான ஆளைக் கண்டறிய உதவுகின்றன.

செய்தியில் பிறப்பு, இறப்பு, திருமணம், உடல்நிலை, படிப்பு, இடமாற்றம் போன்றவற்றை எழுதலாம். படை நடமாட்டம், தாக்குதல், அரசியல் கருத்து ஆகியவற்றை எழுதக்கூடாது. எடுத்துக்காட்டாக, "நாங்கள் வீட்டை விட்டு வேறு ஊருக்கு வந்துவிட்டோம்" என்று எழுதலாம். எந்தப் படை எந்த வழியாக வந்ததால் வெளியேற நேர்ந்தது என்று எழுதமுடியாது. கடிதம் உறையிட்டு ஒட்டப்படுவதில்லை. செஞ்சிலுவைப் பணியாளர்கள் அதனைப் படித்துப் பார்ப்பர். தடுப்புக்காவலில் உள்ளவர் எழுதினால் காவலில் வைத்திருக்கும் தரப்பும் படிக்கும். இந்தக் கட்டுப்பாடு இல்லையெனில், போரிடும் தரப்புகள் கடிதங்களைத் தங்கள் எல்லையைக் கடக்க அனுமதிக்கமாட்டா.

படிவத்தில் மறுமொழி எழுதவும் இடம் உண்டு. பெறுபவர் படித்தவுடன் அங்கேயே பதில் எழுதித் தொண்டரிடம் கொடுத்துவிடலாம். பெறுபவரைக் கண்டுபிடிக்க இயலாவிடின் செய்தி அனுப்பியவருக்கே திரும்பி வருகிறது.

நாளும் கையெழுத்தும்

செஞ்சிலுவைச் செய்தியில் எழுதிய நாள் முக்கியமானது. கடிதம் போய்ச்சேர வாரங்களோ மாதங்களோ ஆகலாம். ஆகவே அது எழுதிய நாளில் எழுதியவர் உயிருடன் இருந்தார் என்பதற்கு மட்டுமே சான்றாகும்; கைக்குக் கிடைத்த நாளில் அவர் நிலை என்ன என்பதை அது சொல்லாது. அதேபோல், வேறொருவர் சொன்ன செய்தியைவிட மகனுடைய கையெழுத்து தாய்க்கு நம்பகமானது. இக்காரணங்களால் கணினியும் கைப்பேசியும் பரவிய பின்னரும் கையால் எழுதும் படிவம் முற்றிலும் கைவிடப்படவில்லை.

வரலாறு

அமெரிக்க உள்நாட்டுப் போர்

செஞ்சிலுவை இயக்கம் தோன்றுவதற்கு முன்னரே, ஒரு நாடு இரண்டாகப் பிரியும்போது குடும்பக் கடிதங்களுக்கு என்ன நேரும் என்பதை அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-1865) காட்டியது. போர் ஏப்ரல் 1861இல் தொடங்கியது. மே 31, 1861 அன்று ஐக்கிய அமெரிக்க அஞ்சல்துறை தென் மாநிலங்களுக்கான சேவையை நிறுத்தியது. மறுநாள் தென் மாநிலக் கூட்டமைப்பின் அஞ்சல்துறை தன் பணியைத் தொடங்கியது. தனியார் விரைவுச் சேவை நிறுவனங்கள் சில மாதங்கள் எல்லை கடந்து கடிதங்களைக் கொண்டுசென்றன. ஆகஸ்ட் 1861இல் அதுவும் தடை செய்யப்பட்டது.

அதன்பின் எஞ்சிய சட்டப்படியான வழி "சமாதானக் கொடி அஞ்சல்" எனப்பட்டது. வெள்ளைக் கொடி ஏற்றிய படகுகள் வர்ஜீனியாவிலுள்ள மன்றோ கோட்டை போன்ற இடங்களில் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டன. கடிதம் ஒரே பக்கத்துக்குள் இருத்தல் வேண்டும், ஒட்டப்படாமல் இருத்தல் வேண்டும், குடும்ப விடயங்கள் மட்டுமே இடம்பெறல் வேண்டும் என்பன விதிகளாகும். பிற்காலச் செஞ்சிலுவைச் செய்தியின் விதிகள் இவற்றை ஒத்திருப்பது கவனிக்கத்தக்கது.

தென் மாநிலத்துக்கு உள்ளேயே பரிமாறப்பட்ட கடிதங்களில் ஜோர்ஜியா மாநிலத்தின் லிபர்ட்டி கவுண்டியைச் சேர்ந்த ஜோன்ஸ் குடும்பத்தின் கடிதங்கள் புகழ்பெற்றவை. மேரி ஜோன்ஸ் (1808-1869) என்பவருக்கு அவருடைய பிள்ளைகள் எழுதியவையும் அவர் எழுதியவையும் இவற்றுள் அடங்கும். போர் தொடங்கியபோது மூத்த மகன் சார்லஸ், சவானா நகரின் மேயராக இருந்தார். இக்கடிதங்களை ராபர்ட் மேன்சன் மையர்ஸ் தொகுத்து 1972இல் "பெருமிதத்தின் பிள்ளைகள்" என்ற பொருள்படும் தலைப்பில் வெளியிட்டார். அந்நூல் 1973இல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதைப் பெற்றது. இக்குடும்பம் நூற்றுக்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்த பண்ணைக் குடும்பமாகும். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதை ஜோர்ஜியாவின் சட்டம் தடை செய்திருந்ததால், விற்கப்பட்டுப் பிரிந்த அடிமைக் குடும்பங்களின் கடிதங்கள் மிக அரிதாகவே கிடைக்கின்றன. அவர்களுடைய வாழ்வையும் இணைத்து எர்ஸ்கின் கிளார்க் என்பவர் 2005இல் மற்றொரு வரலாற்று நூலை வெளியிட்டார்.

செஞ்சிலுவை இயக்கம்

1859இல் இத்தாலியின் சோல்பரினோ போர்க்களத்தில் காயமுற்றோருக்கு உதவிய ஹென்றி டியூனாண்ட், இறக்கும் தறுவாயிலிருந்த வீரர்களின் செய்திகளை அவர்களுடைய குடும்பங்களுக்குத் தெரிவிக்கும் பணியிலும் ஈடுபட்டார். 1863இல் ஜெனீவாவில் செஞ்சிலுவைக் குழு தொடங்கப்பட்டது. 1870இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டபோது பேசல் நகரில் ஒரு முகமை அமைக்கப்பட்டுப் போர்க்கைதிகளின் பட்டியல்களும் கடிதங்களும் கையாளப்பட்டன.

முதல் உலகப்போரின் தொடக்கத்தில், ஆகஸ்ட் 1914இல், ஜெனீவாவில் பன்னாட்டுப் போர்க்கைதிகள் முகமை நிறுவப்பட்டது. காந்தி, இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரைப் பற்றி நூல்கள் எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலண்ட் அங்கே தொண்டராகப் பணியாற்றினார். அம்முகமையின் பல இலட்சம் அட்டைகளைக் கொண்ட ஆவணத் தொகுதி 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

உள்நாட்டுப் போர் ஒன்றில் பொதுமக்களுக்காக இம்முறை பெருமளவில் பயன்பட்டது எசுப்பானியாவில் ஆகும். 1936இல் அங்கே போர் தொடங்கியதும் ஒரே குடும்பத்தினர் குடியரசுத் தரப்பின் பகுதியிலும் பிராங்கோ தரப்பின் பகுதியிலுமாகப் பிரிந்தனர். செஞ்சிலுவைக் குழுவின் பேராளராகச் சென்ற மருத்துவர் மார்செல் ஜூனோவும் அவருடைய குழுவினரும் இரு தரப்பையும் இணங்கச் செய்தனர். அப்போரின்போது ஏறத்தாழ 50 இலட்சம் செய்திகள் பரிமாறப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செய்திகள் அனுப்பப்பட்டன. அப்போது ஒரு செய்தியில் 25 சொற்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன.

சட்ட நிலை

1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 25ஆம் உறுப்பு, போரில் சிக்கிய எவரும் தம் குடும்பத்தினருக்குத் தனிப்பட்ட செய்திகளை அனுப்பவும் அவர்களிடமிருந்து பெறவும் வழி செய்யப்படல் வேண்டும் என்கிறது. ஒரு தரப்பு கட்டுப்பாடு விதிக்க விரும்பினாலும், மாதம் ஒன்றுக்கு ஒரு படிவம், அதில் விரும்பிய 25 சொற்கள் என்ற அளவுக்குக் கீழே குறைக்கமுடியாது. இவ்வுறுப்பு நாடுகளுக்கு இடையிலான போருக்கே பொருந்தும். உள்நாட்டுப் போருக்கு நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3ஆம் உறுப்பே அடிப்படையாகும். அதில் கடிதங்கள் பற்றி வெளிப்படையாக ஏதும் இல்லை. உள்நாட்டுப் போரில் காவலில் உள்ளவர்கள் கடிதம் எழுதவும் பெறவும் வகை செய்யும் 1977ஆம் ஆண்டின் இரண்டாம் கூடுதல் நெறிமுறையில் இந்தியாவும் இலங்கையும் இணையவில்லை. எனவே உள்நாட்டுப் போரில் இப்பணி இரு தரப்பினரின் இசைவையே பெரிதும் சார்ந்துள்ளது.

இலங்கையில்

பின்னணி

இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே அஞ்சல் போக்குவரத்து நீண்டகாலமாக நடைபெற்று வந்தது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை தொடர்வண்டியும் அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பலும் சென்ற வழி "போட் மெயில்" என்றே அழைக்கப்பட்டது. டிசம்பர் 1964இல் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து சென்றது. 1980களில் அச்சேவையும் நின்றுபோனது.

சூலை 1983 இனக்கலவரத்துக்குப் பின் பல்லாயிரக்கணக்கான தமிழர் தமிழ்நாட்டுக்கும் மேலை நாடுகளுக்கும் சென்றனர். தமிழ்நாட்டில் மண்டபம் உட்படப் பல மாவட்டங்களில் முகாம்கள் அமைக்கப்பட்டன. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களைக் கொண்ட விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்ச்சந்தை, ஆனைக்குட்டம் போன்ற இடங்களில் இத்தகைய முகாம்கள் உள்ளன. 2021 முதல் இவை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று அழைக்கப்படுகின்றன.

தொடர்பு அறுதல்

சூன் 1990இல் போர் மீண்டும் தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாடு ஏனைய பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சென்ற யாழ்தேவி தொடர்வண்டி நின்றது. அது மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது அக்டோபர் 2014இல் ஆகும். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமற்போயின. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டதால் மக்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகுகளில் கடந்தனர். அப்பயணத்தில் தாக்குதலுக்கு உள்ளாகிப் பலர் உயிரிழந்தனர்.

பயணத்துக்குத் தடைகள் இரு பக்கங்களிலும் இருந்தன. தமிழீழ விடுதலைப் புலிகள் தம் பகுதியிலிருந்து வெளியேறுவோர் அனுமதிச் சீட்டு பெறவேண்டும் என்றனர்; இளைஞர்களுக்கு அது எளிதில் கிடைக்கவில்லை. அரசுத் தரப்பின் பகுதிகளில் சோதனைச் சாவடிகளும் பாதுகாப்பு அனுமதியும் இருந்தன. அக்டோபர் 1990இல் வட மாகாண முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் தங்கினர். அக்டோபர் 1995 இறுதியில் இலட்சக்கணக்கானோர் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தனர். பின்னர் ஒரு பகுதியினர் படையினர் கைப்பற்றிய யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினர். மற்றவர்கள் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிக்குச் சென்றனர். இதனால் பெற்றோர் ஒரு பக்கமும் பிள்ளைகள் மறுபக்கமுமான குடும்பங்கள் உருவாயின.

செஞ்சிலுவைக் குழுவின் பணி

பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு 1989இல் இலங்கையில் பணியைத் தொடங்கியது. மக்கள் வழக்கில் இது "ஐ.சி.ஆர்.சி." என்றே அறியப்பட்டது. இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தொண்டர்களுடன் இணைந்து இக்குழு குடும்பச் செய்திகளைச் சேகரித்து வழங்கியது. இடம்பெயர்ந்த ஒருவரைத் தேட, பழைய முகவரியிலிருந்து தொடங்கி, அயலவர், கிராம சேவையாளர், முகாம் பொறுப்பாளர் எனப் படிப்படியாக விசாரிப்பதே இத்தகைய பணியின் முறையாகும்.

செஞ்சிலுவைக் குழுவினர் அரசுச் சிறைகளிலும் தடுப்பு முகாம்களிலும் இருந்த தமிழர்களையும், புலிகளிடம் கைதிகளாக இருந்த படையினரையும் சந்தித்தனர். ஆகவே ஒரே வகைப் படிவம் வடக்கிலிருந்த தமிழ்த் தாய்க்கும் தென்னிலங்கையிலிருந்த சிங்களத் தாய்க்கும் மகனுடைய செய்தியைக் கொண்டுசென்றது. கடற்படை அதிகாரி அஜித் போயகொட 1994இல் மன்னார்க் கடலில் தமது கப்பல் தாக்கி மூழ்கடிக்கப்பட்டபோது புலிகளிடம் பிடிபட்டு, எட்டு ஆண்டுகளுக்குப் பின், செப்டம்பர் 2002இல் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானார். அவருடைய சிறைவாழ்வை சுனிலா கலப்பத்தி 2016இல் நூலாக எழுதி வெளியிட்டார்.

2002 போர்நிறுத்தத்தின்பின் ஏ-9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டு மக்கள் நேரில் சென்றுவர முடிந்தது. ஆகஸ்ட் 2006இல் அது மீண்டும் மூடப்பட்டது. போரின் இறுதி மாதங்களில், பெப்ரவரி முதல் மே 2009 வரை, செஞ்சிலுவைக் கொடியேற்றிய கப்பல்கள் முல்லைத்தீவுக் கரையிலிருந்து காயமுற்றோரையும் உடன் சென்றோரையுமாக 13,000க்கும் மேற்பட்டோரை வெளியேற்றின. கப்பலில் ஏற்றப்பட்டவரும் கரையில் நின்றவரும் ஒரே குடும்பத்தினராக இருந்த நிலையில், அப்பயணமே புதிய பிரிவுகளையும் உண்டாக்கியது. மே 2009இல் போர் முடிந்தபோது ஏறத்தாழ 3 இலட்சம் பேர் வவுனியாவின் மெனிக் பண்ணை உள்ளிட்ட முகாம்களில் இருந்தனர்.

மறுமொழி வராத செய்திகள்

செய்தி திரும்பி வந்தால், குடும்பத்தினர் தேடல் விண்ணப்பம் அளிக்கலாம். 1990க்குப் பின் இலங்கையில் காணாமற்போனோர் தொடர்பாகச் செஞ்சிலுவைக் குழுவிடம் 16,000க்கும் மேற்பட்ட முறையீடுகள் பதிவாகின. இவற்றுள் 5,000க்கும் அதிகமானவை படையினரும் காவல்துறையினரும் பற்றியவை ஆகும். அரசின் ஆணைக்குழுக்களிடம் தனியாகவும் முறையீடுகள் அளிக்கப்பட்டன.

காணாமற்போனவரின் மனைவி, கணவர் இறந்ததாகச் சான்றிதழ் பெறாமல் சொத்து, வங்கிக் கணக்கு, ஓய்வூதியம் ஆகியவற்றைக் கையாள முடிவதில்லை. இறப்புச் சான்றிதழ் பெற்றால் தேடுதலைத் தாமே கைவிட்டதாகும் எனப் பலர் மறுத்தனர். இச்சிக்கலுக்குத் தீர்வாக 2016இல் "காணாமைச் சான்றிதழ்" வழங்கச் சட்டம் செய்யப்பட்டது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட மற்றொரு சட்டத்தின்படி காணாமற்போனோர் அலுவலகம் அமைக்கப்பட்டு, 2018இல் அதன் உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டனர். பெப்ரவரி 2017இல் கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டம் வடக்கு, கிழக்கின் பிற மாவட்டங்களுக்கும் பரவியது.

இன்றைய பயன்பாடு

கைப்பேசியும் இணையமும் பரவியதால் செஞ்சிலுவைச் செய்திகளின் தேவை பல இடங்களில் குறைந்துள்ளது. 2004 ஆழிப்பேரலையின்போதே, உயிர் தப்பியவர்களின் பெயர்ப்பட்டியல் இணையத்தில் வெளியிடப்பட்டது. செய்மதித் தொலைபேசியும் பயன்பட்டது. எனினும் சிறைகளிலும், தொலைபேசிக் கோபுரங்கள் அழிந்த பகுதிகளிலும், உறவினரின் தொலைபேசி எண்ணை இழந்த ஏதிலிகள் நடுவிலும் தாள் படிவம் இன்றும் வழக்கில் உள்ளது.