மூச்சு மீண்ட பின்னர்

1952-ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. சுவாசத் தசைகள் செயலற்றுப்போன நோயாளிகளுக்கு, டாக்டர் பியோர்ன் இப்சன் கூறிய யோசனைப்படி, தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தப்பட்டது. வைத்திய மாணவர்கள் இரவு பகலாக முறைவைத்து, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினர். தீவிர சிகிச்சைப் பிரிவு என்னும் ஏற்பாடு இதிலிருந்தே வளர்ந்தது. நோயாளி பிழைத்தாரா, இல்லையா என்பதே அக்காலத்தின் கேள்வியாக இருந்தது.

பிழைத்தவர் பின்னர் எவ்வாறு வாழ்கிறார் என்பது பிற்காலத்தில் எழுந்த கேள்வி. இதனை 'வாழ்க்கைத் தரம்' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். அச்சொல் வருமானத்தையும் வீட்டு வசதியையும் நினைவூட்டுவது ஒரு குறையே. தாமே குளிக்க முடிகிறதா, மாடிப்படி ஏற முடிகிறதா, பழைய தொழிலுக்குத் திரும்ப முடிகிறதா, மனம் அமைதியாக உள்ளதா என்பவையே இங்குக் கருதப்படுகின்றன.

நிமோனியா, இரத்தத்தில் நச்சுத்தொற்று, பெருங்காயம் போன்றவற்றின் விளைவாக நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் நீர் கசிந்து, பிராணவாயு இரத்தத்தில் கலப்பது தடைப்படுவதுண்டு. கடும் சுவாசத் துயர் எனப்படும் இந்நிலை 1967-இல் 12 நோயாளிகளைக் கொண்டு முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 2020-க்குப் பின் கோவிட் நோயினால் இதற்கு உள்ளானவர் மிகப் பலர்.

இதிலிருந்து பிழைத்த 109 பேரைக் கனடாவின் டொராண்டோ நகரில் டாக்டர் மார்கரெட் ஹெரிட்ஜ் குழுவினர் தொடர்ந்து ஆராய்ந்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆறு மாதங்களில் நுரையீரலின் கொள்ளளவு பெரும்பாலும் சீரடைந்துவிட்டது. ஆயினும் ஓராண்டு கழித்தும் அவர்கள் ஆறு நிமிடங்களில் நடந்த தூரம், நடுத்தர அளவில், 422 மீட்டரே. எதிர்பார்க்கத்தக்க தூரத்தில் இது 66 சதவிகிதம். வேலைக்குத் திரும்பியவர் ஏறக்குறையப் பாதிப்பேர். ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் அத்தூரம் 436 மீட்டராகவே இருந்தது.

நுரையீரல் தேறிய பின்னரும் நடை ஏன் தேறவில்லை? காரணம் பெரும்பாலும் தசைகளில் இருந்தது. சிகிச்சைப் பிரிவை விட்டு வந்தபோதே அவர்கள் சராசரியாக உடல் எடையில் 18 சதவிகிதத்தை இழந்திருந்தனர். நோயின் அழற்சி ஒருபுறம் தசையை அரிக்க, அசைவின்றிக் கிடப்பது மறுபுறம் அதனை மெலிவிக்கிறது. நரம்புகளும் தளர்வதுண்டு. இவ்வாறு கரைந்த தசை திரும்புவதற்கு மாதங்களோ, சில வேளைகளில் ஆண்டுகளோ ஆகும்.

மனத்தின் துன்பம் இன்னும் மறைவானது. மயக்க மருந்துக்கும் விழிப்புக்கும் இடையே நோயாளி காணும் பொய்த்தோற்றங்கள், தம்மை யாரோ கட்டிவைத்துத் துன்புறுத்தியதாக உண்மைபோலவே நினைவில் நின்றுவிடுகின்றன. சிலருக்கு ஞாபகமும் கவனமும் குன்றுகின்றன. கணக்கில் வல்லவராக இருந்தவர் கடைச் சில்லறையில் தடுமாறக்கூடும். அதனை வெளியே சொல்ல வெட்கப்பட்டு மறைப்பதும் உண்டு.

இதற்கு வைத்திய உலகம் வாளாவிருக்கவில்லை. செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தப்பட்ட நிலையிலேயே மயக்கத்தைக் குறைத்து, நோயாளியை எழுப்பி உட்காரவும் நடக்கவும் பழக்கினால், வீடு திரும்பும்போது தம் காரியங்களைத் தாமே செய்வோர் தொகை கூடுகிறது என்பது 2009-இல் அமெரிக்காவில் காட்டப்பட்டது. ஐரோப்பிய ஆஸ்பத்திரிகள் சிலவற்றில், நினைவிழந்திருந்த நாட்களில் நடந்தவற்றைத் தாதியரும் உறவினரும் நாட்குறிப்பில் எழுதி வைத்து, பின்னர் நோயாளியிடம் தருகின்றனர். பொய்த்தோற்றத்தையும் உண்மையையும் அவர் பிரித்தறிய இது உதவுகிறது.

ஊருக்குத் திரும்பியவரை முதலில் காண்போர் களப்பணியாளரும் ஆசிரியருமே. "நெஞ்சுப் படம் நன்றாயிருக்கிறதாம், இன்னும் படுத்தே இருக்கிறார்" என்று வீட்டார் சலித்துக்கொள்ளும்போது, அது சோம்பலன்று, தசை இழப்பு என்பதை எடுத்துரைக்கலாம். டாக்டரின் அனுமதியுடன் நாள்தோறும் சிறிது சிறிதாக நடையைக் கூட்டுவதும், புரதம் மிகுந்த பருப்பு, முட்டை, பால், மீன் ஆகியவற்றை இயன்றவரை சேர்ப்பதும் நலம். பணிக்குத் திரும்பும் ஆசிரியருக்கு முதலில் அரைநாள் வேலை கிடைத்தால் பெரிதும் உதவும். தந்தையோ தாயோ இவ்வாறு நோயுற்ற வீட்டிலிருந்து வரும் குழந்தை வகுப்பில் வாடியிருந்தால், அதற்கும் காரணம் இதுவாக இருக்கலாம். ஓய்விலிருக்கும்போதே மூச்சுத்திணறல் கூடினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, உறக்கமின்றி உயிர்வாழ விருப்பமில்லை என்று அவர் கூறினாலோ, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.