தளர்ந்த கைக்கு ஏற்ற பிடி

பால்மரம் வெட்டிக் குடும்பத்தைக் காத்த கை, வயதான பின் கஞ்சிக் கரண்டியைப் பிடிக்க முடியாமல் தடுமாறுவதை நம்மில் பலர் வீட்டிலேயே பார்க்கிறோம். மூட்டுவாதமோ பக்கவாதமோ வந்தால் விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. பிள்ளைகள் அன்போடு ஊட்டிவிடுகிறார்கள். பெரியவர்களோ தம் கையால் சாப்பிடவே ஆசைப்படுகிறார்கள்.

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் இயங்க வைத்தார். கை நிமிர்ந்தால் போதாது, பிழைக்கவும் வேண்டுமென்று தச்சுவேலையும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அவர் திருத்தியது கையை. எல்லாருக்கும் அது ஆகாது. ஆனால் கருவியைத் திருத்தலாம். அமெரிக்காவில் சாம் ஃபார்பர், மூட்டுவாதத்தால் வருந்திய தம் மனைவியை எண்ணி, மென்மையான பருத்த பிடி வைத்த தோல்சீவியை 1990இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிடி பருத்தால் விரல்கள் முழுதாக மடங்க வேண்டியதில்லை.

அத்தகைய பிடியை இன்று முப்பரிமாண அச்சு இயந்திரம் ஒருவரின் கைக்கென்றே செய்து தருகிறது. கணினியில் வரைந்த உருவத்தின்படி, உருகிய பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக இட்டு எழுப்புகிறது. அளவெடுக்க, களிமண் உருண்டையைப் பெரியவரிடம் கொடுத்து வசதியாகப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தத் தடத்தை அளந்து வரையுங்கள். கரண்டிக் காம்பு நுழையத் துளை விடுங்கள். சோளமாவிலிருந்து செய்யும் பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகும், வெந்நீரில் போடாதீர்கள்.

இயந்திரம் கிட்டும்வரை காத்திருக்க வேண்டாம். சுத்தமான துணியைக் காம்பில் தடிமனாகச் சுற்றி இறுகக் கட்டுங்கள். இன்றைய கஞ்சிக்கே உதவும்.

சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் கணினி படிக்கும் பிள்ளைகளே, பாட்டியைக் கேட்டு வரையுங்கள். பிடித்துப் பார்த்து, சரியா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் அவர்தாம்.