தட்டிக்குப் பின்னால் ஒரு பட்டிமன்றம்

குனிந்து வாங்க, தட்டி தலையில் இடிக்கும்! நம்மை மேடைக்குப் பின்னாலேயே விட்டுவிட்டார்கள்! குன்றக்குடி அடிகளார் பட்டிமன்றத்தை வளர்த்த சிவகங்கைச் சீமையில் ஒரு கோயில் திருவிழா. ‘குடும்ப மகிழ்ச்சிக்குத் தேவை வருமானமா, சிக்கனமா?’ இன்னும் சற்று நேரத்தில் ஆரம்பம்.

பார்த்துக் கால் வையுங்கள். மைக்செட் ஒயர், சோடா பாட்டில், பிரிக்காத பொன்னாடைகள். ஜெனரேட்டர் உறுமுகிறது. வியர்வையில் நடுவர் ஐயாவின் ஜிப்பா முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. ஃபிளாஸ்கில் பனங்கற்கண்டுப் பால், தொண்டைக்கு. எதிரெதிர் அணிக்காரர்கள் ஒரே முறுக்குப் பொட்டலத்தில் கை விடுகிறார்கள்!

நடுவர் குறிப்பு எதையும் புரட்டவில்லை. டீ கொண்டுவந்த தம்பியைத்தான் துருவுகிறார்: “கண்மாய் நிறைஞ்சுதா? இங்க எந்தக் கடை பணியாரம் விசேஷம்?” பதிலெல்லாம் துண்டுச்சீட்டில் ஏறுகிறது. ஊர்க்காரர்களை முதல் வரியிலேயே சிரிக்கவைக்கும் சரக்கு இங்கேதான் சேர்கிறது!

மூலையில் கல்லூரி மாணவி ஒருத்தி. முதல் மேடை. உள்ளங்கை ஈரத்தில் சீட்டின் மை கரைந்திருக்கிறது. தொடக்கத்து நாலு வரியை மட்டும் திரும்பத் திரும்ப முணுமுணுக்கிறாள். “இது வாயில நின்னுட்டா மத்தது தானா வந்துரும்.” அணித்தலைவி அக்கா சேலை மடிப்புக்கு ஊக்கு குத்திவிடுகிறார்.

“ஏம்மா, 1893 செப்டம்பர் 11, சிகாகோ சர்வசமய மாநாட்டுல விவேகானந்தரே காலையில பேசாமத் தள்ளிப்போட்டாரு,” என்கிறார் நடுவர். “நெஞ்சு படபடத்துச்சு, நாக்கு வறண்டுச்சுன்னு சென்னையில இருந்த சீடர் அளசிங்கப் பெருமாளுக்கு அவரே எழுதியிருக்காரு. மதியம் சரஸ்வதியை வணங்கிட்டு எழுந்தாரு. உடன்பிறப்புகளான்னு கூப்பிட்ட அந்த முதல் அழைப்புக்கே கைதட்டல்!” சொல்லிவிட்டுத் துண்டுச்சீட்டைக் கிழித்துப் பாதியை நீட்டுகிறார். “பணியாரம் உனக்கு, கண்மாய் எனக்கு.”

மைக்செட் அண்ணன் அவள் உயரத்தைக் கண்ணாலேயே அளக்கிறார். “உன் முறை வந்ததும் ஸ்டாண்டை இறக்கிவச்சிர்றேன் தங்கச்சி. தட்டிப் பார்க்காத, ஹலோ சொல்லாத, நேரா பேசு.”

அதோ, அவள் பெயரைக் கூப்பிட்டாயிற்று! தட்டி இடுக்கில் நானும் நீங்களும் முட்டிமோதுகிறோம். மைக் முன் நிற்கிறாள். ஒரு மூச்சு. கடைசி வரிசைவரை ஒரு பார்வை.

“சிக்கனத்தைப் பத்திப் பேசத்தான் வந்தேன். உங்க கோயில் வாசல் பணியாரக் கடையில கையிருப்பெல்லாம் கரைஞ்சுபோச்சு!”

பந்தலே அதிர்கிறது! அக்கா என் தோளைக் குலுக்குகிறார்: “இனி அவளை உட்காரவைக்கிறதுதான் நடுவருக்குக் கஷ்டம்!”