முதல் வழக்கிலேயே சிறைதானா? ஜமாஅத்துகள் அறிந்திருக்க வேண்டிய சட்ட வழிகள்

அவலூர்பேட்டை வாரச்சந்தையில் 19 வயதுப் பையன் ஒருவன், அடுத்தவர் சட்டைப்பையிலிருந்து பழைய செல்போன் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டான் என்று வைத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுக்காகத்தான் சொல்கிறோம், எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. செய்தி தெருவுக்கு வந்ததும் தாய் அழுவார். தந்தை செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் அலைவார். மஹல்லாவில் ‘அந்த வீட்டுப் பையனா?’ என்று பேச்சு கிளம்பும். இந்தக் குற்றத்துக்குச் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்று விசாரிக்கத்தான் ஆள் இருக்காது.

2024 ஜூலை 1 முதல், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் சமூக சேவையும் ஒரு தண்டனையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. 6 வகைக் குற்றங்களுக்கு மட்டும்தான் இது உண்டு. அவற்றில் ஒன்று சிறு திருட்டு. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, இதற்கு முன் தண்டனை பெறாதவராகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், 303(2) பிரிவின்படி அவருக்குரிய தண்டனை சமூக சேவையே. சிறை இல்லை. இப்படிப்பட்ட திருட்டு ஜாமீனில் விடக்கூடிய குற்றம். பிடியாணை இல்லாமல் காவல்துறை கைது செய்யவும் முடியாது. ஆனால் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினாலோ, வீடு புகுந்து எடுத்தாலோ அவை வேறு பிரிவுகள். இந்தச் சலுகை அங்கே கிடையாது.

ஊதியமில்லாமல் ஊருக்குப் பயன்படும் வேலையைச் செய்வதுதான் சமூக சேவை. நமக்கு இது புதிய சிந்தனையல்ல. பத்ருக் கைதிகளில் பிணைத்தொகை கொடுக்க வழியில்லாத, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றதை சீறா நூல்களில் படித்திருக்கிறோம்.

ஆகவே ஜமாஅத் பெரியவர்கள் முதலில் போக வேண்டியது காவல் நிலையத்துக்கல்ல, பொருளை இழந்தவரின் வீட்டுக்கு. பொருள் திரும்பக் கிடைத்து, அவர் மனம் ஆறி சமரசத்துக்குச் சம்மதித்தால், சாதாரணத் திருட்டு வழக்கை அத்துடன் முடித்துக்கொள்ளவே சட்டம் இடம் தருகிறது. கட்சிக்காரரை அழைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நிற்பதால் இது கிடைக்காது.

செல்போன் விலை 5,000-க்கு மேல் என்றால்? அப்போதும் வழி உண்டு. குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958-இல் வந்தது. சென்னை மாகாணத்தில் அதற்கும் முன்பே, 1936-இல், இத்தகைய சட்டம் இயற்றப்பட்டிருந்தது. இதன் 3-வது பிரிவின்படி, முதல் முறை திருடியவரைக் கண்டித்து மட்டும் அனுப்பலாம். 4-வது பிரிவின்படி, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க இடமில்லாத குற்றங்களில், அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்கு நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு விடலாம். பத்திரத்தை மீறினால் பழைய குற்றத்துக்கே தண்டனை வரும். 21 வயதுக்குட்பட்டவருக்கு 6-வது பிரிவு இன்னும் வலுவானது: ஆயுள் தண்டனைக்கு இடமில்லாத குற்றத்தில் அவரைச் சிறைக்கு அனுப்புவதென்றால், ஏன் அனுப்புகிறோம் என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும்.

இது விடுதலை அல்ல. குற்றவாளி என்ற தீர்ப்புக்குப் பிறகு கிடைப்பது. ‘ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவார்கள்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வழக்கறிஞரிடம் பேசாமலே பிள்ளையை ஒப்புக்கொள்ள வைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100.

கஞ்சா வழக்கு வேறு கதை. போதைப்பொருள் சட்டத்தில், 18 வயது நிறைந்தவர் விற்றதற்காகத் தண்டிக்கப்பட்டால் நன்னடத்தைச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. பயன்படுத்திய குற்றத்துக்கு (27-வது பிரிவு) பொருந்தும். பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், பயன்படுத்தியதற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது 64ஏ பிரிவு. மானத்துக்கு அஞ்சி வீட்டுக்குள் மறைக்கும் குடும்பங்கள் இழப்பது இந்தப் பாதுகாப்பைத்தான்.

தண்டனை பெறாமலேயே சிறையில் கிடப்பவர்கள்தான் அதிகம். 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூவர், விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே இருப்பவர்களும் இதில் அடக்கம். புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவு, இதற்கு முன் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் பிணையில் விடச் சொல்கிறது. ஆயுள், மரண தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. விண்ணப்பிக்க வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. பிணைத்தொகை கட்ட முடியாத ஏழைக் கைதிகளுக்கு ஒன்றிய அரசின் உதவித் திட்டமும் இருக்கிறது. ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனில் மூழ்கியோரும் உண்டு; அபராதம் கட்ட முடியாதவர் அதில் வருவாரா என்பதை ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யலாம். பைத்துல் மாலின் பொது நிதிக்கு அந்தக் கேள்வியே எழாது.

நன்னடத்தைச் சட்டத்தின் 3 அல்லது 4-வது பிரிவில் விடப்பட்டவருக்கு, தண்டனையால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு இல்லை என்கிறது 12-வது பிரிவு. அதனால் அரசு வேலை உறுதி என்று எண்ணிவிடக் கூடாது. வேலை கொடுப்பவர் தீர்ப்பைக் கணக்கில் எடுக்கலாம். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வளைகுடா செல்லப் பாஸ்போர்ட் வேண்டுமென்றால் நீதிமன்ற அனுமதி தேவைப்படும். 18 வயது நிறையாத பிள்ளை என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அவன் பெயரையோ படத்தையோ வெளியிடுவதே குற்றம். வாட்ஸ்அப் குழுவில் பகிர்வோர் இதை நினைவில் வைக்கட்டும்.

மீண்டும் சந்தைப் பையனிடம் வருவோம். 4-வது பிரிவில் அவனை விடுவதற்கு முன், அவனுக்கோ ஜாமீன்தாரருக்கோ அந்தப் பகுதியில் நிலையான வீடோ தொழிலோ இருக்கிறதா என்று நீதிபதி பார்ப்பார். அவனுக்கு 21 வயதாகவில்லை என்பதால் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையையும் கேட்பார். அந்த அலுவலர் நம் தெருவுக்கு வந்து, பையன் எப்படிப்பட்டவன், யாரோடு பழகுகிறான், யாராவது வேலை கொடுப்பார்களா என்று விசாரிப்பார். கறிக்கடைக்காரரும் டைலரும் பள்ளிவாசல் முத்தவல்லியும் சொல்லும் பதில்கள்தான் அந்த அறிக்கையில் ஏறி நீதிபதியின் மேசைக்குப் போகும்.