மலைச்சரிவில் மண்ணைக் காப்போம்

நீலகிரியில் அந்தக் காலத்தில் கோதுமை, பார்லி, சாமை விதைத்தார்கள். சில வருஷம் பயிரிட்டு, நிலத்தைத் தரிசாகப் போடுவார்கள். புல் முளைத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். 1820-களில் கலெக்டர் சல்லிவன் காலத்தில் உருளைக்கிழங்கு வந்தது. இதற்கு மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கி அணைக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகுமே என்று பலர் சரிவின் போக்கிலேயே பார் பிடித்தார்கள். மழை பெய்தால் அந்தப் பாரே வாய்க்கால்! மேல்மண்ணும் போட்ட உரமும் குந்தா போன்ற அணைகளில் போய்ச் சேரும். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் கரைந்தாலே சுமார் 5 டன் நஷ்டம்.

மலைநிலத்து மண் அரிப்பைத் தடுக்கும் முறைகளை ஆராய 1954-ல் உதகையில் மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது.

சரி, மண்ணும் போகக்கூடாது, தண்ணீரும் வடிய வேண்டும், என்ன செய்வது? சரிவுக்குக் குறுக்கே படித்தளம் அமையுங்கள். தளம் மலைப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கட்டும். உள்ஓரக் கால்வாயில் தண்ணீர் மெதுவாகப் பக்கவாட்டில் ஓடி, புல் வளர்த்த வடிகாலில் இறங்கிவிடும். படியின் விளிம்பில் புல் நடுங்கள். மாட்டுக்குத் தீவனமும் ஆச்சு. 100 அடிக்கு 33 அடிக்கு மேல் இறங்கும் சரிவில் கிழங்கு வேண்டாம். தேயிலையோ மரமோ வையுங்கள்.

படி அமைக்குமுன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலரைக் கலந்துகொள்ளுங்கள். மழைக்கு முன்பே வேலையை முடியுங்கள்.