கார் போகாத ஓர் ஊர்

ஹவாய்த் தீவுகள் என்றவுடன் ஹோனலூலு நகரத்து மாடி ஹோட்டல்களும், கடற்கரையில் வெயில் காயும் கூட்டமும்தான் நம் கண்முன் வந்து நிற்கும். அந்தச் சந்தடி எதுவும் இல்லாமல், பக்கத்திலேயே மொலோகாய் என்று ஒரு தீவு இருக்கிறது. நீளம் 38 மைல். அகலம் 10 மைல். ஜனத்தொகை ஏறக்குறைய 7,000. தீவு முழுவதும் தேடினாலும் சிவப்பு, பச்சை காட்டும் போக்குவரத்து விளக்கு ஒன்றுகூடக் கிடையாது! தென்னை மரத்தைவிட உயரமான கட்டடம் தங்கள் ஊரில் இல்லை என்பதில் தீவுக்காரர்களுக்கு வெகு பெருமை.

விமான நிலையத்தில் ஒரு வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்போல அல்ல. சாலையின் வலப்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும். அவசரம் மட்டும் வேண்டாம்.

தீவின் 'பெரிய' ஊர் கௌனகாகாய். பெரிய ஊர் என்றால் ஒரே ஒரு கடைத்தெரு! ஊருக்கு மேற்கே, 1860களில் ஐந்தாம் கமேஹமேஹா மன்னருக்காக வைத்த தென்னந்தோப்பு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, பெட்ரோலும் நிரப்பிக்கொண்டு, காரைக் கிழக்கே திருப்புங்கள்.

இடப்பக்கம் மலை, வலப்பக்கம் கடல். கரையோரமாகக் கடலுக்குள் வளைந்து செல்லும் கற்சுவர்கள் தெரிகின்றனவா? அவை பழங்கால ஹவாய் மக்கள் கட்டிய மீன் குளங்கள். சுவரின் நடுவே மரக்குச்சிகளாலான ஓர் அழி. அதன் இடுக்கு வழியே மீன் குஞ்சுகள் உள்ளே நுழையும். தின்று கொழுத்தபின் வெளியேற முடியாது. சமையலுக்கு வேண்டியபோது பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். என்ன கெட்டிக்காரத்தனம், பாருங்கள்!

சிறிது தூரத்தில், சாலையோரம் ஒரு சின்னஞ்சிறு வெள்ளை மாதா கோயில் வரும். பெல்ஜியத்திலிருந்து வந்த டேமியன் பாதிரியார் 1876ல் கட்டியது. அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிச் சில மைல்களில் சாலை ஒரே கார் போகும் அளவுக்குக் குறுகி, வளைந்து வளைந்து ஏறும். திருப்பந்தோறும் ஹாரன் அடியுங்கள். முடிவில் ஹாலாவா பள்ளத்தாக்கு. அருவி, ஆறு, பச்சைப் பசேலென்ற காடு. ஒரு காலத்தில் இங்கே சேப்பங்கிழங்கு வயல்கள் செழித்திருந்தன. 1946ல் வந்த சுனாமி அவற்றைப் பாழாக்கிவிட்டது.

வந்த வழியே திரும்பி, வடக்கே போவோம். ஹோஓலேஹுவா தபால் நிலையத்தில் ஒரு வேடிக்கை: தேங்காயின் மட்டைமேல் விலாசம் எழுதி, அப்படியே தபாலில் அனுப்பலாம்!

அதன் பிறகு சாலை மலைமேல் ஏறி ஒரு பூங்காவில் முடிகிறது. அங்கிருந்து காரால் போக முடியாது. மலை விளிம்பில் நின்று கீழே பாருங்கள். செங்குத்தான பாறைக்கு அடியில், மூன்று பக்கமும் கடல் சூழ ஒரு சமவெளி. அதுதான் கலௌபாபா.

1866லிருந்து 1969 வரை, தொழுநோய் கண்டவர்களை அரசாங்கம் இங்கேதான் ஒதுக்கி வைத்தது. சுமார் 8,000 பேர். புருஷனைப் பிரிந்த மனைவி, தாயைப் பிரிந்த சிறுமி என்று எத்தனையோ பேர் அந்தக் கரையில் இறங்கினார்கள். அங்கே கல்யாணம் செய்துகொண்டவர்களும் உண்டு. ஆனால் பிறந்த குழந்தையைத் தாயிடம் விட்டு வைக்கவில்லை. நோய் ஒட்டிவிடும் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டேமியன் பாதிரியார் 1873ல் இவர்களோடு வாழ வந்தார். புண்களைக் கழுவினார், வீடு கட்டினார், சவப்பெட்டியும் செய்தார். கடைசியில் அதே நோய்க்கு ஆளாகி 1889ல் மறைந்தார். 2009ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக்கியது.

1946ல் நல்ல மருந்து வந்தது. 1969ல் ஒதுக்கி வைக்கும் சட்டமும் போயிற்று. கதவு திறந்தும் பலர் அந்த இடத்தைவிட்டுப் போகவில்லை. போவதற்கு வேறு வீடு ஏது? கூடி வாழ்ந்தவர்களின் கல்லறைகளும் அங்கேதான் இருந்தன.

இன்றும் அனுமதியின்றி அங்கே யாரும் போக முடியாது. மலைச்சரிவில் 26 வளைவுகளுடன் ஓர் ஒற்றையடிப் பாதை வெட்டியிருக்கிறார்களே தவிர, கார்ச் சாலை போடவில்லை. போடாததும் நல்லதுதான். காரை நிறுத்தி வேடிக்கை பார்க்கும் இடமா அது? அவர்கள் துக்கத்தை மலைமேலிருந்து பார்த்து, மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புவதே நமக்கு அழகு.